ஏழு நிணநீர்க் கணுக்கள்தான் கிடைத்தால் என்ன அர்த்தம்?

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து எடுத்த குடல், திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் எங்கள் பேத்தாலஜி மேசைக்கு வந்ததும் நான் முதலில் விசாரிப்பது, இவருக்குக் கரண்ட் வைத்தார்களா என்பதைத்தான். காசிமேட்டிலிருந்து வருகிறவரும் சரி, எண்ணூரிலிருந்து வருகிறவரும் சரி, ரேடியேஷனைக் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வரி விண்ணப்பத் தாளில் பல நேரம் இருப்பதே இல்லை, போன் போட்டு அறுவை மருத்துவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் நான் எழுதப்போகும் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கவே முடியாது.

வடசென்னையில் என் வேலை இதுதான். ஃபார்மலினில் ஊறிய குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பை மெல்லிசாகச் சீவி, விரலால் தடவித் தடவி நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுப்பது. எங்களுக்குள் நோட் என்போம். புற்றுநோய் குடலை விட்டு வெளியே கிளம்பும்போது பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது இவற்றில்தான் என்பதால் குறைந்தது 12 நோடாவது பார்க்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இரண்டு மூன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பரவவில்லை என்று எழுதினால் அதை யார் நம்புவது?

ஆனால் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வரை ரேடியேஷன் கொடுத்து, கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையும் கொடுத்து, அப்புறம் இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்த குடலில் கதை வேறு. கதிர்வீச்சுக்கு நிணநீர் அணுக்கள் சட்டென்று மடிந்துவிடும், அந்த இடத்தில் நார்த்திசு வளரும், பட்டாணி அளவு இருந்திருக்க வேண்டிய நோட் கடுகாகச் சுருங்கிக் கொழுப்போடு கொழுப்பாகக் கிடக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், விரலுக்கே தட்டாது. பயிற்சிக்கு வரும் முதுகலை மாணவர்கள் ஆறில் நின்றுவிட்டு, "மேடம், இதுக்கு மேல இல்ல" என்பார்கள். இன்னொரு இரவு ஃபார்மலினில் ஊறட்டும், காலையில் மறுபடி பார் என்பேன். அப்போதும் வரவில்லையா, மிச்சக் கொழுப்பைக் கேசட் என்கிற சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுப் பதப்படுத்தி மைக்ரோஸ்கோப்பில் தேடுவோம். டெக்னீஷியனுக்கு அது பெரிய வேலை, அவர் முணுமுணுக்காமல் செய்வதால்தான் என்னால் முடிகிறது. கட்டியே முழுசாகக் கரைந்து குடல் சுவரில் வெறும் தழும்பு மட்டும் இருக்கிற சிலருக்கும் ஏதோ ஒரு சின்ன நோடில் புற்றணு உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு தேடல்.

இத்தனைக்கும் பிறகு ஏழுதான் கிடைத்தால் ஏழு என்றே எழுதுகிறேன். அந்த ஏழு யாருடைய குறையும் அல்ல. எல்லாத் துறை மருத்துவர்களும் கூடிப் பேசும் டியூமர் போர்டில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், 12 என்பது பாஸ் மார்க் இல்லை என்று. கரண்ட் வைக்காத குடலில் எண்ணிக்கை குறைந்தால் கவலைப்பட நியாயம் உண்டு. வைத்த பிறகு குறைந்தால் அது சிகிச்சை நன்றாக வேலை செய்ததன் அடையாளமாகக்கூட இருக்கலாம். அப்படிக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன, குறைந்த எண்ணிக்கை நல்லதல்ல என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய ஆயுளைப் பற்றிப் பேசுவது தப்பு என்பது என் உறுதியான கருத்து. எப்படித் தேடினோம், கொழுப்பு முழுவதையும் பார்த்தோமா என்பதையும் ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

அதைவிடக் கனமான விஷயம், சிகிச்சைக்குப் பிறகும் ஏதாவது நோடில் நோய் மிஞ்சியிருக்கிறதா என்பது. மிஞ்சியிருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது, ஒன்றிலிருந்து மூன்று நோட் வரை ஒரு நிலை, நான்கும் அதற்கு மேலும் இன்னொரு நிலை. நோடில் புற்றணுவே இல்லாமல் வெறும் சளிக்குட்டை மட்டும் இருந்தால் அதை நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம் வெட்டிய ஓரம். கட்டிக்கும் சுற்று ஓரத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருந்தால் அதே இடத்தில் திரும்ப வரும் பயம் உண்டு. மலக்குடலைச் சுற்றிய கொழுப்பை உறையோடு முழுசாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்து அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் எழுதியதிலிருந்து அந்த உறை கிழியாமல் வந்திருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர், வயிற்றில் மலப் பை வைத்திருக்கிறார்கள்.

"டாக்டரம்மா, பன்னெண்டு எடுக்கணுமாமே, எங்கப்பாவுக்கு ஏழுதான் போட்டிருக்குது. சரியா எடுக்கலையா? அடையாறுக்கு இட்டுனு போவணுமா?"

"இல்லம்மா, உட்காரு" என்றேன். கரண்ட் வைத்ததால் நோட்கள் சுருங்கியிருப்பதையும், கிடைத்த ஏழிலும் நோய் இல்லை என்பதையும், ஓரம் சுத்தமாக இருப்பதையும் ரிப்போர்ட்டில் வரிவரியாக விரல் வைத்துக் காட்டினேன்.

"அப்போ இனிமே கீமோ வேணாமா?"

அது நான் முடிவு செய்வதல்ல. கரண்ட் வைப்பதற்கு முன்னால் நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதையும் புற்றுநோய் மருத்துவர் பார்த்துத்தான் சொல்லுவார், அதனால் முதலில் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.