ஸ்போர்ட்ஸ் செடானுக்கு மாற்று டிஃபரன்ஷியல்: ஒரு பணி நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 3, சனி

என் பி.எம்.டபிள்யூ ஈ90 தலைமுறை 335ஐ (335i) செடானின் 3 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின் 306 குதிரைத்திறன் தருகிறது. அதன் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நிமிடத்துக்கு 1300 சுழற்சியிலேயே முழுமையாக வந்து நின்றுவிடுகிறது. இவ்வளவையும் பின்சக்கரங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பு மட்டும் சாதாரணத் திறந்தவகை டிஃபரன்ஷியலிடம் விடப்பட்டிருக்கிறது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் அதே தலைமுறையின் எம்3 காருக்குப் போய்விட்டது.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். அதற்குத் திறந்தவகை தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆனால் முறுக்குவிசையை அது எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கும். காரின் எடை வெளிப்பக்கம் சாய்ந்து, பிடி தளர்ந்த உள்சக்கரம் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்ற நிலை வந்தால், வெளிச்சக்கரத்தில் எவ்வளவு பிடி மிச்சமிருந்தாலும் அதற்கும் 200 மட்டுமே போகும். இரண்டும் சேர்ந்து 400; கியர்கள் இன்ஜினின் விசையைப் பெருக்கியே சக்கரங்களுக்கு அனுப்புவதால், வரக்கூடியது இதைவிட மிக அதிகம். அதற்கு மேல் கொடுக்கும் எல்லாம் உள்சக்கரத்தை வெறுமனே சுழல வைக்கவே செலவாகும்.

இதைச் சமாளிக்க, சுழலும் சக்கரத்தின் பிரேக்கைக் கணினி பிடித்து, மறுசக்கரத்துக்கு விசை போகச் செய்கிறது. சேற்றிலிருந்து வெளியேறவோ மழைநாளில் கிளம்பவோ இந்த ஏற்பாடு போதுமானதுதான். ஆனால் வழுக்கல் தொடங்கிய பிறகே அது விழித்துக்கொள்கிறது. இன்ஜின் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கைப் பிரேக்கில் சூடாக்கி வீணாக்கவும் செய்கிறது. வளைவை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் பிரேக் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு காரை விளையாட்டுக் கார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 ஆகஸ்ட் 10, சனி

திறந்தவகைக்குப் பதிலாக எந்த வகை டிஃபரன்ஷியலைப் பொருத்துவது என்பதில் இந்த வாரம் முழுவதும் கழிந்தது. பந்தயக் காரில் ஒற்றைச் சக்கரம் சுழன்று விசை வீணாவதைத் தடுக்க, ஃபெர்டினண்ட் போர்ஷே 1930களிலேயே இசட்.எஃப் நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். சாலைக் கார்களில் இன்று முக்கியமாகப் போட்டியிடுபவை இரண்டு: கிளட்ச் தட்டு வகை, ஹெலிக்கல் பல்சக்கர வகை.

தட்டு வகையில், விசை ஏறும்போது உள்ளிருக்கும் சாய்தளங்கள் விலகித் தட்டுகளை நெருக்குகின்றன. சாய்தளத்தின் கோணத்தை மாற்றினால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எவ்வளவு பூட்டவேண்டும், காலை எடுக்கும்போது எவ்வளவு பூட்டவேண்டும் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். இப்படி விருப்பம்போல் அமைத்துக்கொள்ளும் வசதி ஹெலிக்கல் வகையில் இல்லை என்பதால் பந்தயக்காரர்கள் இதையே விரும்புகிறார்கள். ஆனால் தட்டுகள் தேயும், எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். முன்சுமையை, அதாவது விசை ஏறாதபோதும் தட்டுகளை நெருக்கும் அழுத்தத்தை, கூட்டி வைத்தால் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் கடகடக்கும்.

ஹெலிக்கல் வகையில் தேய்வதற்கென்று தட்டுகளே இல்லை. வெர்னான் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சன் அமைப்பும் பல்சக்கரங்களின் உராய்வையே நம்பியது. முறுக்குவிசை ஏறும்போது சாய்ந்த பற்கள் தம் பல்சக்கரங்களையே அவற்றைச் சூழ்ந்த கூட்டின் சுவரில் அழுத்துகின்றன; அந்த உராய்வு, வேகமாகச் சுழல முயலும் பக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இதன் சார்பு விகிதம், அதாவது பிடியுள்ள சக்கரத்துக்கு மறுசக்கரத்தைவிட எத்தனை மடங்கு வரை முறுக்குவிசை போகலாம் என்ற அளவு, 2.5 என்று வைத்துக்கொண்டால், முன்சொன்ன கணக்கில் உள்சக்கரம் 200 மட்டும் தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 500 வரை போகலாம். 400 என்று நின்றது 700 ஆகிறது. விசை இல்லாதபோது உராய்வும் இல்லை என்பதால் நகரச் சாலையில் அது இருப்பதே தெரியாது.

ஒரு சக்கரம் தரையை விட்டு முற்றிலும் எழுந்துவிட்டால் இது கைவிட்டுவிடும். பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். ஆனால் 335ஐ போன்ற நீண்ட செடான் பின்சக்கரத்தைத் தூக்குவது அரிது. தூக்கினாலும், பழைய பிரேக் உத்தி அங்கேதான் இருக்கிறது. தினமும் ஓட்டும் காருக்கு ஹெலிக்கல் வகை என்று முடிவு செய்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 17, சனி

எண்ணெயை வடித்து, புகைக்குழாயின் பின்பகுதியையும் வெப்பத் தடுப்புத் தகடுகளையும் எடுத்து, கியர்பெட்டியிலிருந்து விசையைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டையும் சக்கரங்களுக்குப் போகும் இருபுற ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளையும் விலக்கி, டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கினோம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன், அது டிஃபரன்ஷியலின் முன்புற இணைப்புத் தட்டான பினியன் ஃபிளாஞ்சோடு சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கோட்டில் குறி போடவேண்டும். பழைய நிலையிலேயே திரும்பப் பொருத்தாவிட்டால் சமநிலை கெட்டு நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு வரலாம்.

பின்மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் முதலில் அளவெடுத்தோம். இந்தப் பணியில் மற்ற எல்லாவற்றையும்விட இதையே பெரிதாக நினைக்கிறேன். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனும், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஒன்றோடொன்று உரசித் தமக்கென்று ஓர் இருப்பை ஏற்படுத்திக்கொண்டவை. புதிய டிஃபரன்ஷியல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்த இருப்பைக் கலைத்துவிட்டால் வெகுநாள் ஆவதற்குள் ஊளைச் சத்தம் எழும். நுண்ணளவு காட்டும் டயல் கேஜில் பேக்லாஷ், அதாவது இரண்டின் பற்களுக்கு இடையிலான தளர்வு, 0.11 மி.மீ. காட்டியது. பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையைச் சுருள்வில் தராசால் குறித்துக்கொண்டோம். பற்களில் மஞ்சள் நிறப் பசையைத் தடவிச் சுழற்றியபோது, தொடுதடம் பல்லின் நடுவே, உள்முனைப் பக்கம் சற்றே ஒதுங்கித் தெரிந்தது. அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பினியன் நட்டைத் தொடவே இல்லை. அதன் இறுக்கத்தில் நசுங்கி அமர்ந்திருக்கும் குழலைத் தளர்த்தினால் புதிய குழல் போட்டு பேரிங் இறுக்கத்தை ஆரம்பத்திலிருந்து அமைக்கவேண்டியிருக்கும்.

2024 ஆகஸ்ட் 24, சனி

பழைய மாடல்களில் கிரவுன் வீல் டிஃபரன்ஷியலின் கூட்டில் போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கழற்றிப் புதிய கூட்டில் மாட்டினால் முடிந்தது. இந்தக் காரின் கிரவுன் வீல் கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. உற்பத்தியில் எடையையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கும் முறைதான், ஆனால் மாற்றியமைக்க வருபவனுக்குப் பெரிய தலைவலி. வெல்டை லேத்தில் கடைந்து எடுத்து, கிரவுன் வீலின் பின்முகத்தில் துளையிட்டு மரை வெட்டி, புதிய கூட்டில் போல்ட்டுகளால் பிடிப்பதே நாங்கள் தேர்ந்த வழி. மறுபடி வெல்டிங் செய்யலாம் என்பவர்களும் உண்டு. வார்ப்பிரும்பையும் கடினப்படுத்திய எஃகையும் சாதாரணப் பட்டறையில் இணைத்து, ஓட்டம் பிசகாமல் எடுப்பதை நான் நம்பவில்லை.

லேத் மாஸ்டர் பழைய கூட்டைச் சக்கில் பிடித்ததும் வெட்டத் தொடங்கவில்லை. டயல் கேஜை வைத்து, சுற்றோட்டம் (சுழலும்போது வரும் ஆட்டம்) கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வரும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தார். “அவசரப்பட்டீங்கன்னா பல்லு போயிடும் சார்” என்றார். வெல்டைக் கடைந்து முடித்ததும் கிரவுன் வீல் தானாகவே விடுபட்டு வந்தது. துளையிடக் கார்பைடு துரப்பணம் தேவைப்பட்டது. மெல்ல மெல்ல இறக்கியதில் பிற்பகல் முழுவதும் போயிற்று.

2024 ஆகஸ்ட் 31, சனி

கிரவுன் வீலை அடுப்பில் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிப் புதிய கூட்டின் மேல் இறக்கினோம். பற்களின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது என்பதால் நெருப்புச் சுவாலையைக் காட்டக்கூடாது. ஓரிடத்தில் வெப்பம் அளவு மீறினால் அங்கே கடினம் இளகிவிடும். போல்ட்டுகள் புதியவை, மரைப் பசையிட்டு, எதிரெதிராக, படிப்படியாக முறுக்கப்பட்டன. இருபுறமும் புதிய பேரிங், புதிய ஆயில் சீல்.

முதல் பொருத்தத்தில் பேக்லாஷ் 0.18 மி.மீ. வந்தது. கூடு வேறு என்பதால் இது எதிர்பார்த்ததே. கிரவுன் வீலைப் பக்கவாட்டில் 0.1 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் ஏறத்தாழ 0.07 மாறும் என்பது பட்டறைக் கணக்கு. இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையமான ஷிம்மில் ஒரு பக்கம் 0.1 குறைத்து மறுபக்கம் அதே 0.1 கூட்டினோம், மொத்தத் தடிமன் மாறாததால் பேரிங் இறுக்கமும் மாறவில்லை. டயல் 0.11க்குத் திரும்பியது. பசையில் விழுந்த தடத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டேன். உள்முனை ஒதுக்கம் உட்பட அப்படியே இருந்தது.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

காரில் ஏற்றியாயிற்று. திறந்தவகைக்குத் தயாரிப்பாளர் சொல்வது எஸ்.ஏ.எஃப்-எக்ஸ்.ஓ எண்ணெய், தட்டு வகைக்கு உராய்வு குறைக்கும் சேர்மம் கலந்த எக்ஸ்.ஜே. ஹெலிக்கலுக்கு அந்தச் சேர்மம் கூடாது என்பது என் கருத்து, உராய்வை நம்பிப் பிழைக்கும் பொருளுக்கு அதைக் குறைப்பானேன்? ஜி.எல்-5 என்ற கியர் எண்ணெய்த் தரத்தில் 75டபிள்யூ-140 பாகுத்தன்மையுள்ள எண்ணெயை, கார் சமதளத்தில் நிற்க, நிரப்புத் துளையில் வழியும்வரை ஊற்றினோம். சக்கர வேக உணரிகள் ஹப்பில் இருப்பதாலும் கிரவுன் வீல், பினியன் இணையின் 3.08 என்ற இறுதி விகிதம் மாறாததாலும் கணினியில் எதையும் திருத்தவேண்டியிருக்கவில்லை.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினேன். எந்த வேகத்திலும் ஊளையில்லை. இன்று மூடிய பயிற்சித் தடத்தில் உண்மையான சோதனை நடந்தது.

இரண்டாம் கியரில் வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தத் தொடங்கலாம். முன்பு அதே இடத்தில் உள்சக்கரம் கிறீச்சிட, எச்சரிக்கை விளக்கு மினுங்க, விசை அறுந்து அறுந்து வரும். இப்போது காலை அழுத்திய அளவுக்குக் கார் வெளியே இழுத்துப் போகிறது. ஸ்டியரிங்கைச் சற்று முன்னதாகவே நேராக்கவேண்டியிருக்கிறது.

விலையும் உண்டு. திறந்தவகையில் உள்சக்கரம் மட்டும் வழுக்கும்போது, வெளிச்சக்கரம் பக்கவாட்டுப் பிடியை விடாமல் காரின் பின்புறத்தைக் காப்பாற்றிவிடும். அது ஓட்டுநருக்குத் தெரியாமலே கிடைத்துவந்த பாதுகாப்பு. இப்போது இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லையைத் தொடுகின்றன. அதைத் தாண்டினால் பின்புறம் முழுவதும் வெளியே ஒதுங்கும். தடத்தில் தண்ணீர் தெளித்த பகுதியில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை முழுவதும் அணைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கட்டுப்பாடு பிந்தித் தலையிடும் இடைப்பட்ட நிலையே தடத்துக்குப் போதும், மழைச்சாலையில் முழுக் கட்டுப்பாடு.

மாலையில் எண்ணெயை மாற்றினேன். காந்த அடைப்பில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தபோது துகள் எதுவும் தட்டுப்படவில்லை.