எங்கள் வீட்டில் நடந்த ரெய்டு

ஃபார்மட் போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? பட்டனை அமுக்கினால் ஓடும், முடிந்ததும் முடிந்தது என்று சொல்லும். பென்டிரைவ் காலத்திலிருந்து எனக்கு அப்படித்தான் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் ஒரு சனிக்கிழமை மதியம், "அரை மணி நேர வேலை" என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே வந்தது அடுத்த வியாழக்கிழமை.

வீட்டில் ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க் போடலாம். எல்லார் போனிலிருந்தும் போட்டோ, வீடியோ எல்லாம் வைஃபை வழியாக அதற்குள் போய் விழும். இத்தனை நாள் ஒரே டிஸ்க்கில் காலம் தள்ளியாகிவிட்டது. அது படுத்தால் பன்னிரண்டு வருடக் குடும்ப வரலாறும் சேர்ந்து படுக்கும் என்ற பயம் ஒருநாள் ராத்திரி திடீரென்று வந்தது. இன்னொரு டிஸ்க் போட்டு ரெய்டு 1 ஆக்கிவிட்டால், ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்.

நண்பன் ஒருவன் தன் பெட்டியை மாற்றியபோது கழற்றிய 4 டெராபைட் டிஸ்க்கைக் கொடுத்தான். "ஆறு மாசம்தான் யூஸ் பண்ணேன். என்கிட்ட நல்லா ஓடுச்சு மச்சி." இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுக்க நான் அதை மந்திரம் மாதிரி கேட்டேன்.

அன்று மாலை மாமனார் போனில் மகளிடம் விசாரித்திருக்கிறார். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" "உள்ள ரெய்டு போட்டுட்டு இருக்கார்பா." மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு மாட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். 1987-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரெய்டுக்குப் பெயர் வைத்த ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டு மாமனார்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரில் 'மலிவான' என்றொரு சொல் வேறு இருந்தது. அதை நான் பிறகு பல முறை கசப்போடு நினைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்கைத் தட்டில் வைத்து நான்கு ஸ்க்ரூவில் மூன்றை முடுக்கினேன் (நான்காவது எப்போதும் தரையில்தான் இருக்கும்), பெட்டிக்குள் தள்ளினேன், ஃபார்மட் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை: 'ஃபார்மட் தோல்வி. மீண்டும் முயலவும்.' முயன்றேன். தோல்வி. காரணம் சொல்லாமல் மீண்டும் முயலச் சொல்லும் இயந்திரத்தோடு எவ்வளவு நேரம்தான் மரியாதையாகப் பேச முடியும்?

டிஸ்க்கைக் கழற்றி, அதை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி டாக்கில் சொருகி, லேப்டாப்பில் ஃபார்மட் போட்டேன். ஐந்தே நொடியில் முடிந்தது. 3.63 என்று காட்டியது. மீதி எங்கே என்று மகள் கேட்டாள். விற்பவர் கணக்கு ஆயிரத்தால் பெருக்குவது, கம்ப்யூட்டர் கணக்கு 1024-ஆல் பெருக்குவது என்று விளக்கினேன். "அப்ப ஏமாத்துறாங்களா?" என்றாள். இல்லை என்று சொல்வதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெற்றியோடு டிஸ்க்கை மறுபடி நாஸுக்குள் தள்ளினால், பழையபடி தோல்வி.

நண்பனுக்கு போன் போட்டேன். "என்கிட்ட நல்லா ஓடுச்சு மச்சி" என்றான். பேச்சுவாக்கில் ஒரு உண்மையும் வந்து விழுந்தது. அவன் வீட்டிலும் இது ரெய்டில்தான் இருந்திருக்கிறது.

அதுதான் முதல் பேய். லேப்டாப்பில் ஐந்து நொடியில் முடிகிற ஃபார்மட் எதையும் அழிப்பதில்லை. பொருளடக்கப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடும். 'நான் இன்ன ரெய்டு குடும்பத்தைச் சேர்ந்தவன், என் ஜோடி இன்னார்' என்ற குறிப்பு டிஸ்க்கில் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும். சில வகைகளில் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியின்) தொடக்கத்தில் 4 கிலோபைட் தள்ளி, சில வகைகளில் கடைசியில். போதாததற்கு, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை தன்னுடைய நகல் ஒன்றை டிஸ்க்கின் வாலில் ஒளித்துவைத்திருக்கும். நான் முன்வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டு வீடு காலி என்று நம்பியிருக்கிறேன். பழைய குடித்தனக்காரர் பின்கட்டில் கால்நீட்டிப் படுத்திருந்தார். பெட்டி அவரைப் பார்த்துவிட்டுத்தான் 'இது வேறு வீட்டுச் சொத்து' என்று கையை விரித்தது.

லினக்ஸில் இறங்கினேன். 'வைப்எஃப்எஸ்' என்றொரு கட்டளை இந்த மாதிரி அடையாளங்களைத் தேடித் துடைக்கும். ரெய்டு குறிப்பைத் துடைக்க 'எம்டிஆட்மின்' கட்டளை ஒன்று தனியாக உண்டு. இதில் ஒரு ஆபத்து. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று போகும். எது எது என்பது அன்றன்றைக்கு யார் முதலில் விழித்தார்களோ அதைப் பொறுத்தது. எஸ்டிபி என்று அடித்துவிட்டு, என்டரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஏதோ உறுத்தவே சீரியல் எண்ணைச் சரிபார்த்தேன். எஸ்டிபி என்பது பக்கத்தில் சொருகியிருந்த வெளி டிஸ்க். வேலையைத் தொடங்கும் முன் நாஸில் இருந்ததையெல்லாம் நகலெடுத்து வைத்திருந்தேனே, அது. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனத்தை நானே அழிக்கப் பார்த்தேன். விரலை மெதுவாக எடுத்தேன். ஒரு டேப் துண்டில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி டிஸ்க்கின் நெற்றியில் ஒட்டினேன். அப்புறம் தண்ணீர் குடித்தேன்.

குறிகளைத் துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் விடவில்லை. டிஸ்க் முழுக்க பூஜ்ஜியம் எழுதிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பது கணக்கு. ஆனால் டாக்கை நான் சொருகியிருந்தது லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி 2 ஓட்டையில். நொடிக்கு 35 மெகாபைட்டைத் தாண்டவில்லை. பாதி வழியில்தான் பார்த்தேன்; நிறுத்த மனம் வரவில்லை. 31 மணி நேரம் அந்த லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் 'தொடாதே' என்ற சீட்டோடு கிடந்தது. நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை டிஸ்க்கைப் பெட்டிக்குள் விட்டேன். ஏற்றுக்கொண்டது! டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டராக, அதாவது சின்னச் சின்னத் துண்டாகச் சோதித்துக்கொண்டே ஃபார்மட் போகும், பல மணி நேரம் ஆகும் என்றது. நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போனேன். 11 சதவீதத்தில் உள்ளே 'டக்' என்றொரு சத்தம். தோல்வி.

மறுபடி போட்டேன், இரவு முழுக்க ஓடட்டும் என்று. 38 வரை போய் விழுந்தது. செவ்வாய் பகலில் 7. இரண்டு டிஸ்க்கையும் இடம் மாற்றிப் போட்டேன், 23. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன், ஸ்லாட்டில் ஊதினேன், பெட்டியைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினேன். நண்பன் என்ன சொன்னான் என்று எழுத வேண்டியதில்லை.

கவனித்திருக்க வேண்டியது இங்கேதான். டிஸ்க்கில் கெட்ட செக்டர் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தடுக்கி விழும். 11, 38, 7, 23 என்று ஊர் சுற்றாது. அதே டிஸ்க் லேப்டாப்பில் 31 மணி நேரம் முனகாமல் முழுசாக எழுதி முடித்திருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தேன். 5-ஆம் எண், இடம் மாற்றப்பட்ட செக்டர்கள்: பூஜ்ஜியம். 197, சந்தேகத்துக்குரிய செக்டர்கள்: பூஜ்ஜியம். 199, கேபிளும் கனெக்டரும் சரியில்லை என்றால் ஏறும் எண்: அதுவும் பூஜ்ஜியம். 9-ஆம் எண், ஓடிய மணி நேரம்: 26,412.

26,412-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் வருகிறது. "ஆறு மாசம்தான் யூஸ் பண்ணேன்"! அந்தக் கோபத்தில் அறிக்கையின் மற்ற வரிகளைப் பார்க்காமலே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "நான் யூஸ் பண்ணது ஆறு மாசம் மச்சி, மீதி நேரம் அது சும்மா ஓடிட்டு இருந்தது" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

புதன் மாலை மாமனார் நேரிலேயே வந்துவிட்டார். ரெய்டு விஷயத்தில் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்று நினைக்கிறேன். அவர் நாற்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவர். கம்ப்யூட்டர் என்றால் தொடக்கூட மாட்டார். மேஜைக்கு அடியில் என்னோடு குனிந்து பார்த்தவர், பெட்டியை விட்டுவிட்டு சுவரோரம் கிடந்த அடாப்டரின் மேல் புறங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது?"

"அடாப்டர்னா சுடத்தான் செய்யும் மாமா."

"உள்ள என்ன, சுத்துதா?"

"ஆமா. நிமிஷத்துக்கு 5,400 சுத்து."

"அப்ப மோட்டார்தானே. எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. லோடைக் குறைச்சுப் பார்க்காம எப்படி?"

நான்கு நாளில் எல்லாவற்றையும் செய்து பார்த்த எனக்கு, ஒன்றை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. பழைய டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டு, புதியதை மட்டும் போட்டு ஃபார்மட் கொடுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் 100. 'டக்' இல்லை, ஒன்றும் இல்லை.

மாமனார் அதற்குள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அடாப்டரில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 12 வோல்ட், 2 ஆம்பியர். பெட்டியைக் கவிழ்த்தால் அதன் அடியில் இருந்த ஸ்டிக்கர் 12 வோல்ட், 5 ஆம்பியர் கேட்டது. "மோட்டார் கிளம்பும்போது நாலு பங்கு இழுக்கும் மாப்பிள்ளை. ஓட ஆரம்பிச்சா அடங்கிடும்" என்றார். அவர் சொன்னது பெரிய மோட்டார் கணக்கு என்றாலும் இங்கேயும் பொருந்தியது. மேஜைக் கம்ப்யூட்டர் வகை டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் மட்டுமே கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். ஒரு டிஸ்க் இருந்தவரை அடாப்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறது. இரண்டாவது வந்து, ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போதே யார் போனிலிருந்தாவது வீடியோ வந்து மற்றதும் ஓட ஆரம்பித்தால், வோல்டேஜ் தொங்கி, புதியவர் மயங்கி விழுந்திருக்கிறார். எல்லாரும் தூங்கிய இரவில்தான் 38 வரை போனது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

லேப்டாப்பில் ஓடியதும் அதனால்தான். டாக்குக்குத் தனி அடாப்டர்.

ஸ்மார்ட் அறிக்கையைத் திரும்பத் திறந்தேன். 192-ஆம் எண் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் திடீரென்று போய் டிஸ்க் அவசரமாக ஹெட்டை (படித்து எழுதும் முனையை) ஒதுக்கிய முறைகளின் கணக்கு. நண்பனுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தேன், 13. முதல் நாள் எதற்கோ எடுத்து வைத்திருந்த ஒன்றில் 9. நான்கு தோல்வி, நான்கு எண்ணிக்கை. டிஸ்க் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான்தான் 26,412-ஐப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, பெட்டியோடு வந்த 5 ஆம்பியர் அடாப்டர் எங்கே போனது? அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு அடி தள்ளி, ரூட்டரோடு இருந்தது. அதே நிறம், அதே முனை. தொட்டால் ஜில்லென்று இருந்தது. ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, யானையை வேலைக்கு வைத்து ஒரு சுள்ளியைச் சுமக்க விட்டிருந்தது. மாற்றிப் போட்டோம். மாமனார் கேட்காமலே எல்லா அடாப்டருக்கும் டேப் ஒட்டி, தமிழில் பெரிதாக எழுதினார்: 'ரூட்டர்'. 'ரெய்டு'.

இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போக அன்று ராத்திரி வரை ஆனது. எதுவும் விழவில்லை.

"யார் மாத்திப் போட்டது?" என்று பொதுவாகக் கேட்டேன், வீட்டைச் சுத்தம் செய்கிற கையைக் கண்ணால் தேடியபடி. மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேஜையை நகர்த்தின அன்னிக்கு நீங்கதானேங்க எல்லாத்தையும் மாட்டினீங்க?"

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். மகள் எதுவும் பேசாமல் போனை எடுத்து, நாஸுக்குள் போய், பதினான்கு மாதம் பின்னால் தள்ளி ஒரு போட்டோவை டிவியில் போட்டாள். மேஜைக்கு அடியில் நான். வாயில் ஒரு ஸ்க்ரூ, இரண்டு கையிலும் ஒவ்வொரு அடாப்டர், முகத்தில் வெற்றிச் சிரிப்பு. அவள் பெரிதாக்கினாள். வலது கையில் இருந்ததன் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.

இனி அந்தப் போட்டோவுக்கு இரண்டு டிஸ்க்கிலும் நகல் இருக்கிறது.