பின்பக்கம்

"நேர்ல வரட்டுமா சார்?" என்று அந்த அம்மா வாட்ஸ்அப் வாய்ஸில் கேட்டது 2025 ஜூனில். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு ஆட்டோவில் வந்துவிடலாம். "எதுக்கும்மா அலைச்சல்? கடனுக்கு எழுதி வாங்கின புரோநோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்" என்றேன். யாரையும் அலைய விடாமல் முந்நூறு ரூபாயில் ஆலோசனை என்பதுதானே வக்கீலான என் பெருமை.

போட்டோ வந்தது. எண்பதாயிரம் ரூபாய், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, தேதி 10.3.2022. மூன்று வருஷம் தாண்டியிருந்தது. காலாவதி, வழக்குப் போட முடியாது என்று பதில் அனுப்பினேன். இரண்டு நிமிஷ வேலை.

ஐப்பசி மழையில் வேறு ஜோலியாக கோர்ட்டுக்கு வந்தவர், என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அதே நோட்டை எடுத்து நீட்டினார். கை தானாகத் திருப்பியது. பின்பக்கம் நீல பால்பாயின்ட்டில் ஒரு வரவு: 28.8.2022, ஐயாயிரம், கீழே கடன் வாங்கியவர் கையெழுத்து. அப்படி வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம். ஜூனில் நோட்டுக்கு உயிர் இருந்திருக்கிறது. ஆகஸ்ட்டோடு போய்விட்டது.

"இப்பவும் முடியாதா சார்?"

"காலாவதிம்மா."

"அப்போ நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான்."

தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. கேஸ் போட்டிருந்தாலும் பணம் வந்திருக்குமா? எதிராளிக்குச் சொத்து இல்லையென்றால் டிக்ரி என்கிற தீர்ப்பைச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சொத்து இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லையே. பயந்தேன் என்றும் சொல்ல முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024இலேயே சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு ஆட்டினேன்?

சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே போயிருந்தால் யாராவது நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டியிருப்பார்கள். அதையும் நான் சொல்லவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டாமே என்று நினைத்தது உண்மைதான். முந்நூறு ரூபாயும் உண்மைதான்.

இப்போது என் வாட்ஸ்அப் பதிலில் 'இரண்டு பக்கமும்' என்று சேர்த்திருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது அவர் சுருக்குப்பையை அவிழ்த்து, "இதுக்கு எவ்வளவு சார்?" என்றார். வேண்டாம்மா என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.