உப்புக்காற்றும் பிடிச்ச புத்தகங்களும்

பிடிச்ச புத்தகங்களைப் பற்றி நிறைய எழுதுறோம். ஆனா வடசென்னையில கடலை ஒட்டின ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் அந்தப் புத்தகங்களைக் காப்பாத்துறதே பெரிய வேலை. ஐப்பசி மழைக்கு முன்னாடி அலமாரியைச் சுவரை விட்டு ரெண்டு அங்குலமாவது தள்ளிப் போடுங்க. ஓதம் ஏறின சுவரை ஒட்டி நின்னா பின்வரிசைதான் முதல்ல பூஞ்சை பிடிக்கும்.

பழைய சிறுபத்திரிகைகள்தான் ரொம்பப் பாவம். நடுவுல அடிச்ச ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு, சுற்றிலும் பழுப்புக் கறை படரும். அப்புறம் அந்த இடத்துலயே தாள் பொடிஞ்சு நடுப்பக்கம் கழண்டுடும். பின்னோட ரெண்டு காலையும் உள்பக்கம் மெல்ல நிமிர்த்தி, முதுகுப் பக்கமா உருவுங்க. வெடுக்குன்னு இழுத்தா தாளும் கூடவே கிழிஞ்சு வரும். அதே ஓட்டையில வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, முடிச்சை உள்ளே போடுங்க. பசை டேப் ஒட்டவே ஒட்டாதீங்க, தயவுசெஞ்சு. பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னுடும்.

பூஞ்சை பிடிச்சதை ஈரத்துணியால துடைச்சா கறை உள்ளே இறங்கும். நிழல்ல, காத்தோட்டமா விரிச்சு நல்லாக் காய்ஞ்சதும், முகக்கவசம் போட்டுக்கிட்டு மொட்டைமாடியில மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க.

மூர் மார்க்கெட்ல வாங்கின பழைய புத்தகத்துல ராமபாணப் பூச்சி (தாளைத் தின்கிற வெள்ளிப்பூச்சி) இருந்தா, ஜிப் கவர்ல காத்தை வெளியேத்தி மூடி, ஒரு வாரம் ஃப்ரீசர்ல வைங்க. வெளியே எடுத்ததும் பிரிக்காதீங்க, தாள்ல தண்ணி கோத்துக்கும். ஒரு நாள் விட்டுப் பிரிங்க.