தொகுதியும் பகுதியும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் எண்ணியது மாடுகளை. தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனம், ஜன்னல் இல்லாத அறை, எதிரே எக்ஸெல். படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங் என்பதால் உமிழ்வு என்றாலே புகைபோக்கி என்றுதான் நினைத்திருந்தேன். அசைபோடும் மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கு, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் நாட்டுக் கணக்கில் எவ்வளவு பெரிய இடம் என்று அங்கேதான் தெரிந்தது. கறவைப் பசு, எருமை, கன்று என ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. கால்நடைக் கணக்கெடுப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்; 2012க்கு அடுத்தது வந்தது 2019இல். நடுவிலுள்ள ஆண்டுகளை நாங்களாக இட்டு நிரப்பினோம்.

மீத்தேனைக் கரியமில வாயுவின் அளவில் சொல்ல ஒரு பெருக்கெண் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் இரண்டாம் அறிக்கைப்படி அது 21, ஐந்தாம் அறிக்கைப்படி 28. மாடு அதே மாடு, தின்பது அதே வைக்கோல். காகிதத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

நிலக்கரிக்கு மாறியபோது செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. நிலக்கரி எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தை மொத்தம், நிகரம் என்று இரண்டு விதமாகச் சொல்வார்கள்; நீராவியோடு போய்விடும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம், கழித்தால் நிகரம். எனக்கு வந்த மின்நிலையத் தரவு மொத்த மதிப்பில் இருந்தது. இவ்வளவு வெப்பத்துக்கு இவ்வளவு கரியமில வாயு என்று சொல்லும் உமிழ்வுக் காரணியோ நிகர மதிப்புக்கானது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஐந்து சதவீதம் வித்தியாசம். பார்க்காமல் பெருக்கிவிட்டேன். எங்கள் மூத்தவர் தஞ்சாவூர்க்காரர், எதையும் அச்செடுத்துப் பென்சிலோடுதான் படிப்பார். ஒரு வரிசையைச் சுழித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இந்த நிலையமெல்லாம் ஒரே ராத்திரியில கரி கூட எரிக்க ஆரம்பிச்சுட்டுதா?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாடு முழுக்க ஐந்து சதவீதம் என்றால் எத்தனை கோடி டன் என்று நானே போட்டுப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2015 அக்டோபர் 2 அன்று இந்தியா பாரிஸ் காலநிலை மாநாட்டுக்கான இலக்கைக் கொடுத்தது. அடுத்த நாள் ஊரிலிருந்து மாமா போன் செய்தார். "புகையை மூணுல ஒரு பங்கு குறைக்கப் போறீங்களாமே?"

"புகையை இல்ல மாமா. செறிவை."

பள்ளிக்கூடத்துப் பின்னம்தான். மேலே தொகுதியில் உமிழ்வு, கீழே பகுதியில் ஜிடிபி. இந்த விடையை 2005ஐ விட 2030இல் 33 முதல் 35 சதவீதம் குறைப்பது என்பதுதான் வாக்குறுதி. "உங்க சம்பளம் ரெண்டு மடங்காகி, பெட்ரோல் செலவு ஒன்றரை மடங்காச்சுன்னு வைங்க. சம்பளத்துல பெட்ரோலோட பங்கு கால்வாசி குறைஞ்சிடும். ஆனா வண்டி முன்னைவிடக் கூடத்தான் ஓடுது."

"அப்ப இது ஏமாத்து வேலை."

எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உலகச் சராசரிக்கு வெகு கீழே இருக்கும் நாடு மொத்த உமிழ்வுக்கே உச்சவரம்பு போட்டுக்கொள்வது நியாயமில்லை. என்னை அலைக்கழித்தது வேறு, அந்தப் பகுதி. 2015 ஜனவரியில் ஜிடிபியின் அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலையில் கணக்கிடுவது என்பது, 2004-05இலிருந்து 2011-12க்கு மாறியது. பழைய ஆண்டுகளுக்கான புது வரிசை 2018 நவம்பரில்தான் வந்தது. ஆக, 2005 முடிந்து பதின்மூன்று ஆண்டு கழித்து 2005இன் ஜிடிபி மாறியது! எங்கள் கோப்பில் அது ஒரே ஒரு கட்டம். அதைத் தொட்டால் நாற்பது தாள்கள் மாறும்.

சொல்லிலும் இதே கதைதான். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் பேசும்போது, 2030க்குள் எரிசக்தித் தேவையில் பாதி புதுப்பிக்கத்தக்க வழியில் கிடைக்கும் என்றார். 2022 ஆகஸ்டில் முறைப்படி கொடுத்த ஆவணத்தில் அது, மின்சார நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழியில் என்று இருந்தது. செறிவுக் குறைப்பு 45 சதவீதமாக உயர்ந்திருந்தது. அதே வழியில் 500 கிகாவாட் நிறுவுதிறன் என்று உரையில் வந்தது ஆவணத்தில் இல்லை. நிறுவுதிறன் என்பது கடையில் எத்தனை அடுப்பு இருக்கிறது என்கிற கணக்கு. எது எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதைச் சொல்லாது. 2025 நடுவிலேயே, ஐந்தாண்டு முன்னதாக, அந்தப் பாதியைத் தொட்டுவிட்டோம். ஆனால் 2024-25இல் உற்பத்தியான மின்சாரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான்.

இந்த வேறுபாடெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. கிளாஸ்கோ உரையன்று இரவு நாங்கள் மல்லுக்கட்டியது 2070ஓடு; அந்த ஆண்டுக்குள் நாட்டின் நிகர உமிழ்வு பூஜ்யமாகும் என்றும் பிரதமர் அன்று சொல்லியிருந்தார். எங்கள் கோப்பு 2050ஓடு முடிந்திருந்தது. ஆண்டுக்கு ஒன்றாக இருபது பத்திகளைச் சேர்த்து, சூத்திரத்தை மவுஸால் இழுத்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் வந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. மூத்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அழிச்சுட்டு அங்க பூஜ்யம் போடுப்பா" என்றார். போட்டேன். அங்கிருந்து பின்னோக்கி, 2069, 2068 என்று கணக்கை ஆரம்பித்தோம்.