விட்டு விட்டுத் துடித்த இதயம்: மருத்துவரிடம் போவதென்று முடிவெடுத்த விதம்

இரவில் இடப்பக்கமாகப் படுத்திருக்கும்போது அது நன்றாகத் தெரியும், ஏனெனில் அப்போது இதயம் நெஞ்சுச் சுவரை இன்னும் நெருங்கியிருக்கிறது. சீராக ஓடிக்கொண்டிருக்கும் துடிப்புகளுக்கு நடுவே ஒன்று விட்டுப்போகும். அடுத்தது வருமா என்று மனம் கேட்டு முடிப்பதற்குள் உள்ளிருந்து உதைப்பதுபோல் ஒரு பலமான துடிப்பு வந்து விழும். சில நாட்களில் அது ஒன்றிரண்டோடு நின்றுவிடும். வேறு சில நாட்களில் மாலையில் தொடங்கித் தூக்கம் வரும்வரை விட்டு விட்டு வந்துகொண்டேயிருக்கும். இதை மருத்துவரிடம் கொண்டுபோவதா, தானாக அடங்கும் என்று விடுவதா என்பதை என் பயத்தின் அளவை வைத்து முடிவு செய்ய நான் விரும்பவில்லை. மிகவும் கலங்கடிக்கும் துடிப்பு தீங்கற்றதாக இருக்கலாம் என்பதும், உணரவே முடியாத கோளாறு தீவிரமானதாக இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிதும் உதவியது. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுதான் வழக்கமாகத் துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. சில சமயம் மேலறையிலோ கீழறையிலோ வேறோர் இடம் முந்திக்கொண்டு ஒரு துடிப்பை எழுப்பிவிடுகிறது. இதயம் நிரம்புவதற்கு முன்பே அது வந்துவிடுவதால் குறைந்த இரத்தமே வெளியேறுகிறது. ஆகவே மணிக்கட்டில் நாடி பார்த்தால் அந்த இடம் வெறுமையாகத் தோன்றும். அதைத் தொடரும் இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிக்கொள்வதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நான் அஞ்சிய அந்த உதை, உண்மையில் இதயம் தன் ஒழுங்குக்குத் திரும்பியதன் அறிகுறி என்பதை அறிந்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் சிறிதல்ல.

அதன்பின் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். எந்த நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன், முந்தைய இரவுத் தூக்கம் எப்படி, காபி எவ்வளவு, சளிக்கு ஏதாவது மாத்திரை எடுத்தேனா என்பவற்றை எழுதினேன். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் ஆஸ்துமா இன்ஹேலர்களும்கூடப் படபடப்பைத் தூண்டக்கூடியவை. நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி, இடையிடையே மட்டும் விட்டுப்போகிறதா, அல்லது எந்த ஒழுங்குமே இல்லாமல் தாறுமாறாக ஓடுகிறதா என்றும் பார்த்தேன், ஏனெனில் இரண்டாவது வகை, மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் ‘மேலறை நடுக்கம்’ என்ற கோளாறாக இருக்கக்கூடும். மாடிப்படி ஏறும்போது இந்தத் தவறும் துடிப்புகள் மறைந்து, உட்கார்ந்தபின் திரும்பி வந்தன. இது பெரும்பாலும் நல்ல அடையாளம். உழைப்பின்போதே அதிகரித்திருந்தால் நான் தாமதித்திருக்க மாட்டேன். நினைவு தப்புதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் அடங்காத அதிவேகத் துடிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூடவே இருந்தாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போவதுதான் சரி.

இவற்றில் எதுவும் எனக்கு இல்லை. ஆயினும் போவதென்று முடிவு செய்ததற்குக் காரணம் என் பெரியப்பா. அவர் 40 வயதைத் தொடுமுன் திடீரென இறந்தவர். மாரடைப்பு என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்களே தவிர, காரணத்தை யாரும் சோதித்து உறுதிசெய்யவில்லை. இளம்வயதுத் திடீர் மரணம் உள்ள குடும்பத்தில், பரம்பரையாக வரும் இதயத்தசை நோயோ மின்னோட்டக் கோளாறோ இருக்க வாய்ப்புண்டு என்பதால், துடிப்பு தவறுவதை அலட்சியம் செய்யக் கூடாது. மருத்துவரும் நான் எழுதிவைத்திருந்த எண்ணிக்கைகளைவிட இந்த ஒரு செய்தியைத்தான் நிறுத்தி நிதானமாக விசாரித்தார்.

முதலில் எடுத்த ஈசிஜி இயல்பாக இருந்தது. ஆனால் அது பதிவுசெய்வது ஏறத்தாழ 10 நொடிகளை மட்டுமே. அந்த நேரத்தில் துடிப்பு தவறாவிட்டால் அதில் எதுவும் தெரியாது. இரத்தசோகை, தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இதயத்தின் அமைப்பைப் பார்க்க எக்கோவும், ஒரு முழு நாளின் துடிப்பைப் பதிவுசெய்ய ஹோல்டர் கருவியும் எழுதிக்கொடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் அரித்தன என்பதைத் தவிர அந்த நாளில் சிரமம் ஏதுமில்லை. துடிப்பு தவறியதாக உணரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி, நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

முடிவு எனக்கு வியப்பாக இருந்தது. நான் பொத்தானை அழுத்திய பல இடங்களில் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு எழுந்த துடிப்புகள் பதிவாகியிருந்தன. சில இடங்களில் துடிப்பு முற்றிலும் சீராகவே இருந்தது. நான் சிறிதும் உணராமல் முந்திக்கொண்ட துடிப்புகளும் தூக்கத்தில் வந்துபோயிருந்தன. ஒரு நாளில் இதயம் சுமார் 1,00,000 முறை துடிக்கிறது; அதில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி வந்தால் இதயத்தசை தளரக்கூடும் என்பதால் கண்காணிக்க வேண்டும். என்னுடையவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எக்கோவிலும் குறை எதுவும் இல்லை.

இதை நிறுத்த ஒரு மாத்திரை தரலாமே என்று கேட்டேன். மருத்துவர் தந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். மாரடைப்புக்குப் பின் இத்தகைய துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். காஸ்ட் என்ற ஆய்வின் முடிவுகள் 1989-இல் வெளிவந்தபோது, துடிப்புகளை நன்றாக அடக்கிய மருந்துகளே மரணத்தை அதிகப்படுத்தியது தெரியவந்தது. தொல்லை தாங்க முடியாதவர்களுக்கு, அட்ரினலினின் தாக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகள் உண்டு என்றாலும், என் நிலையில் அதற்குத் தேவையில்லை என்றார்.

துடிப்புகள் இன்றும் வருகின்றன. அடிக்கடி நாடி பார்ப்பதை விட்டுவிட்டேன், ஏனெனில் தேடத் தேடப் பதற்றம் கூடுகிறது, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் மேலும் துடிப்புகளைக் கிளப்புகிறது. வரும்போது எழுந்து சற்று நடக்கிறேன், அல்லது மூச்சை மெதுவாக நீட்டி விடுகிறேன். தூக்கம் குறைந்த நாட்களில் அவை கூடுவது என் குறிப்புகளில் தெளிவாகத் தெரிந்ததால், படுக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். மயக்கம் வந்தாலோ, உழைப்பின்போது துடிப்பு தவறினாலோ, இதன் தன்மை மாறினாலோ உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பெரியப்பாவின் பிள்ளைகளையும் ஒருமுறை ஈசிஜி, எக்கோ எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்; மூத்தவர் எடுத்துவிட்டார், இளையவரிடம் இன்னும் வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன்.