ஸ்விட்ரிகைலோவின் முகம்

நேற்று இரவு தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை மறுபடி எடுத்தேன். கொலை செய்துவிட்டுத் தவிக்கும் நாயகன் ரஸ்கோல்நிகவ், தன் தங்கையைத் துரத்தும் நிலக்கிழார் ஸ்விட்ரிகைலோவை மதுக்கடையில் உற்றுப் பார்க்கும் இடத்தில் நின்றுவிட்டேன். வெளுத்த முகம், சிவந்த கன்னம், சிவந்த உதடு, பொன்னிறத் தாடி. ஐம்பது வயதுக்குப் பொருந்தாத இளமை. “முகமூடி போல” என்கிறார் தஸ்தயேவ்ஸ்கி. கண்கள் மட்டும் அளவுக்கு மீறி நீலம், பார்வை கனத்து அசையாமல் நிற்கிறது. அழகுதான், ஆனால் படிக்கிற எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

அந்த நாவல் வந்தது 1866இல். அப்புறம் அவரே எழுதிய ‘பேய்கள்’ நாவலில், அதன் மையப் பாத்திரமான ஸ்தவ்ரோகினுக்கும் இதே உவமைதான். முத்துப் பல், பவள உதடு, முகமூடி போன்ற முகம் என்று ஊர் பேசுகிறது. நாலு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது, இப்போது அப்படிச் சொல்லவே முடியாது, அசல் அழகன் என்கிறான் கதைசொல்லி. எனக்கு அதுதான் இன்னும் பயங்கரம். முகமூடி கழன்றதா, முகத்தோடு ஒட்டியே போய்விட்டதா?

ரஷ்ய மொழியில் முகம் ‘லித்சோ’, திருவுருவப் படத்தில் தெரியும் புனித முகம் ‘லீக்’, பொய்முகம் ‘லிச்சீனா’. மூன்றும் ஒரே வேர். நம் ‘முகமூடி’ முகத்தை மூடுவது; அங்கே பொய்முகம் முகத்திலிருந்தே முளைக்கிறது. இது தெரிந்தபின் அந்த மதுக்கடைப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டேன்.